மலிவான காப்பீடு யாரைக் காக்கிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

உத்திரமேரூர் என்ற பெயரைச் சொன்னதும் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பு. நம் கல்லூரி ஆண்டு மலரிலும் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் அதைப் பற்றி எழுதத் தவறுவதில்லை. அந்த நற்பணியை இவ்வாண்டும் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ஒரு பழைய மாருதி ஆம்னி வண்டியைப் பற்றி. அதற்கு இன்சூரன்ஸ் போட நான் அலைந்த அலைச்சலைப் பற்றி. இது ஒரு மலருக்கு உரிய பொருள்தானா என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஏதேனும் ஒரு வண்டி நிற்கிறது. அதற்கு ஒரு தாளும் இருக்கிறது, அல்லது இல்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சென்ற தை மாதம் என் சித்தப்பா ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து 2015ஆம் ஆண்டு ஆம்னி ஒன்றை வாங்கினார். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நாள்தோறும் புத்தம்புதுக் கார்கள் உருவாகி வெளியே வருகின்றன. அவற்றைப் பூட்டுகிற கைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கைகளும் உண்டு. ஆனால் எங்கள் தெருவுக்கு வந்து சேரும் கார் மட்டும் மூன்றாவது கை, நான்காவது கை. சித்தப்பா கட்டட மேஸ்திரி. கையாட்களையும் சட்டி, கரண்டியையும் ஏற்றிச் செல்ல ஒரு வண்டி. விசேஷ நாளில் குடும்பத்தை ஏற்றிச் செல்லவும் அதே வண்டி. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, “இன்சூரன்ஸ் மட்டும் முடிஞ்சிருக்கு, போட்டுக்கோங்க” என்றார். சித்தப்பா சாவியை வாங்கிக்கொண்டு அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். “நீதான் காலேஜு படிக்கிறியே. எங்க கம்மியா போடறாங்கன்னு பாத்து சொல்லுடா.”

வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவனுக்கு இப்படிப்பட்ட வேலைகள் வந்து சேர்வது வழக்கம். நானும் பெருமையாகவே புறப்பட்டேன்.

முதலில் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் எடுத்து ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை. அங்கே 2,471 ரூபாய் என்றார்கள். காஞ்சிபுரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் 3,100 என்றார். அதே ஊரில் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு மாடியேறிப் போனேன். அங்கே 2,860. கைப்பேசியில் தேடிப் பார்த்தால் ஆளாளுக்கு ஒரு விலை. கடைசியில் ஒரு தரகர் 1,500 ரூபாய்க்கே முடித்துத் தருவதாகச் சொன்னார். மூன்று நாள் அலைந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

கணிதம் படிக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை வந்த பிறகும் வழிமுறை சரிதானா என்று பார்க்கத் தோன்றும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே எண் ஒளிந்துகொண்டிருந்தது: 2,094.

அந்த எண்ணை எந்தக் கம்பெனியும் தீர்மானிப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. முன்பு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்து வந்தது. 2022ஆம் ஆண்டு முதல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த ஆணையத்தைக் கலந்து அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு 2,094 ரூபாய்; 1000க்கு மேல் 1500 வரை 3,416; அதற்கும் மேலே 7,897. இருசக்கர வண்டிகளில் நாம் பெரும்பாலும் ஓட்டுகிற 75 முதல் 150 சி.சி. வரையிலான வகைக்கு 714. இவற்றின் மீது 18 விழுக்காடு வரி. 2,094 ரூபாயோடு வரி 377 சேர்ந்தால் 2,471. ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னது அதுதான். கிளை அலுவலகத்தில் உரிமையாளரின் சொந்த விபத்துக் காப்பீடாக 330 ரூபாயைச் சேர்த்து, அதற்கும் வரி போட்டு 2,860 ஆக்கியிருந்தார்கள். மேசைக்காரரின் 3,100 என்பது அதே 2,860தான்; மிச்சம் 240 அவருடைய உழைப்பின் கூலி. ஆக, எங்கே போனாலும் அரிசி ஒரே விலை, பைதான் வேறு. ‘எங்கே மலிவு’ என்று நான் அலைந்த மூன்று நாளும் வீண்.

அப்படியானால் 1,500 ரூபாய்த் தரகர் எப்படித் தருகிறார்? அவர் வேறொருவருக்குப் போட்டுக் கொடுத்த தாளை மாதிரிக்காகக் காட்டியிருந்தார். அது ஒரு காரின் எண். கட்டிய தொகை 843 ரூபாய். 714 ரூபாயோடு 18 விழுக்காடு வரியைச் சேர்த்துப் பாருங்கள், 843 வரும். காரின் எண்ணைப் போட்டு, வகை என்ற இடத்தில் இருசக்கர வண்டி என்று பதிந்து, மீதியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் அந்த மனிதர். போலீஸ்காரர் கேட்டால் நீட்ட ஒரு தாள் இருக்கும். விபத்து என்று வந்தால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? தாளில் அச்சிட்டுள்ள கியூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினாலோ, எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினாலோ காப்பீடு உண்மைதானா என்று ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளுக்கு உரியவர் இதைப் பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

போகட்டும். மோசடியைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. மோசடி எதுவும் இல்லாத, முறைப்படி பணம் கட்டி வாங்கிய, அரசு முத்திரை பெற்ற அந்த 2,471 ரூபாய்த் தாளைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

அத்தாளின் பெயர் ‘லையபிலிட்டி ஒன்லி’ பாலிசி. வழக்கறிஞர்கள் ‘ஆக்ட் பாலிசி’ என்பர்; நம் ஊரில் ‘தேர்டு பார்ட்டி’. வண்டி வைத்திருப்பவர் முதல் நபர். கம்பெனி இரண்டாம் நபர். வண்டியால் பாதிக்கப்படும் வேறொருவர் மூன்றாம் நபர். சாலையில் நடந்து போகிறவர், சைக்கிளில் வருகிறவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர் ஆகியோரெல்லாம் மூன்றாம் நபர்கள். இங்கிலாந்தில் 1930இல் இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதி, 1946 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தினார்கள். இப்போது நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காப்பீடில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000. நல்ல சட்டம். ஏழை ஒருவன் மீது வண்டி ஏற்றிவிட்டு, ‘என்னிடம் பணமில்லை’ என்று உரிமையாளன் கைவிரித்துவிடக் கூடாது என்று நினைத்துச் செய்த சட்டம். அதில் எனக்குக் குறையில்லை.

என் கேள்வி வேறு. என் ஆயா அந்த ஆம்னியின் பின்சீட்டில் உட்கார்ந்து மேல்மருவத்தூர் போகிறார். வழியில் வண்டி புளியமரத்தில் மோதுகிறது என்று வையுங்கள். (நடக்க வேண்டாம், கணக்குக்காகச் சொல்கிறேன்.) ஆயா முதல் நபரா, இரண்டாம் நபரா, மூன்றாம் நபரா?

மூவரில் யாரும் இல்லை என்பதுதான் விடை. சொந்தக் காரில் காசு கொடுக்காமல் ஏறிச் செல்பவர் இந்த ஆக்ட் பாலிசிக்குள் வரமாட்டார் என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்ட சட்டநிலை. இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து செல்பவருக்கும் அதே கதிதான் என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பேருந்திலும் டி போர்டு காரிலும் காசு கொடுத்து ஏறும் பயணிக்குச் சட்டமே காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆக, வாடகைக் காரில் போகும் அந்நியருக்கு உண்டு. சொந்த வண்டியில் போகும் சொந்தக்காரருக்கு இல்லை! எதிரே வந்தவனுக்கு உண்டு. மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு இல்லை!

இது என் கற்பனை அச்சமன்று. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 2021இல் இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. ஒருவர் காரில் சென்று விபத்தில் இறந்தார், கார் அவருடையதன்று. ஈரோட்டில் இருந்த தீர்ப்பாயம் அவருடைய குடும்பத்துக்குப் பதினான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்கும்படி உத்தரவிட்டிருந்தது. காருக்கு எடுத்திருந்தது ஆக்ட் பாலிசிதான், அதில் காருக்குள் இருந்தவருக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி மேல்முறையீடு செய்தது. சட்டப்படி கம்பெனி சொன்னது சரி. தீர்ப்பாயத்தின் உத்தரவு நிற்கவில்லை. ஆனால் அதை எழுதிய நீதிபதிக்கு மனம் கேட்கவில்லை போலும். வாங்குகிறவருக்கு இவையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்று வருந்தி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய வண்டிகள் அனைத்துக்கும் ஐந்தாண்டுகளுக்கு முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டார். வண்டி விற்பவர்களும் கம்பெனிகளும் திகைத்தனர். நடைமுறைக்கு ஒவ்வாது என்று பலரும் முறையிடவே, அந்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. குடும்பத்தின் துயரமும் உண்மை, உத்தரவு நடவாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் சிலரே. ஊரை உண்மையில் சுமப்பது லோடு ஆட்டோவும் குட்டியானையுந்தான். சாலவாக்கம் பக்கம் நடவுக்குப் போகும் பெண்கள் காலை ஆறு மணிக்கு அதில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கும், நிச்சயதார்த்தத் தட்டு தூக்கிப் போவதற்கும், கட்சிக் கூட்டத்துக்கும் அதே வண்டிதான். சரக்கு வண்டியில் தம் மூட்டையோடு வரும் விவசாயிக்கும் அவருடைய ஆளுக்கும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வருபவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துச் சொல்லிவிட்டது. காரைப் போல இதற்கு முழுக் காப்பீடு எடுத்தாலும் பயனில்லை, ஆளேற்றுவதே குற்றம். நெல் மூட்டையோடு வந்தால் மதிப்பு உண்டு. வெறும் ஆளாக வந்தால் இல்லை! குற்றம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆறு மணிக்கு அந்த வழியில் பேருந்து விட்டுவிட்டல்லவா சொல்ல வேண்டும்?

2022ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிகுதியான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ஓடுகின்ற வண்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு எந்தக் காப்பீடும் இல்லை என்பது நாடாளுமன்றம் வரை பேசப்பட்டுவிட்ட செய்தி. அந்தப் பாதியில் பெரும்பங்கு நம்மைப் போன்றோர் ஓட்டும் இருசக்கர வண்டிகள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், புதிய காருக்கு மூன்றாண்டும் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை முதலிலேயே எடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. உடைந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருப்பதைவிட வழக்குப் போடுவது மேல் என்று ஒரு மருத்துவர் எண்ணியிருக்கிறார்! ஆனால் ஐந்தாண்டு முடிந்து ஆறாம் ஆண்டு பிறக்கும்போது வண்டி கைமாறியிருக்கும். புதியவருக்கு நினைவூட்ட ஆளில்லை. நம் கல்லூரி வண்டிக் கொட்டகையில் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். தம் வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்லத் தெரிந்தவர் அரிதாகவே இருந்தனர். அவர்களை இகழவில்லை. தை மாதம் வரை நானும் அவர்களில் ஒருவன்.

சரி, பின்சீட்டில் இருப்பவருக்கு வழியே இல்லையா? உண்டு. ‘பேக்கேஜ்’ என்னும் முழுக் காப்பீடு எடுத்தால் சொந்தக் காரில் செல்பவருக்கும், இருசக்கர வண்டியின் பின்னால் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. உச்ச நீதிமன்றமும் 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அதை எடுத்துக்காட்டியது. எங்கள் பக்கத்தில் முழுக் காப்பீடு என்றால், வண்டிக்கு அடிபட்டால் பணம் வரும் என்று மட்டுமே நினைத்துக்கொள்கிறார்கள். ‘பழைய வண்டிக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ்? இடித்தால் தகரத்தைத் தட்டிக்கொள்ளலாம்’ என்பது பொது அறிவுரை. தகரத்தைத் தட்டிக்கொள்ளலாம், ஆயாவின் இடுப்பெலும்பைத் தட்டிக்கொள்ள முடியுமா? பழைய வண்டிக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. காற்றுப்பை கிடையாது; முன்பக்கம் எஞ்சினுக்குரிய இடமும் கிடையாது; முட்டினால் முதலில் முட்டுவது முழங்கால்.

விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் இருப்பதும் இங்கேதான். சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணம் 2007 ஜனவரியிலிருந்து அட்டவணையிலிருந்து விடுபட்டுவிட்டது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் ஆம்னிக்கு 90,000 ரூபாய் மதிப்புக் கட்டிக் கேட்டபோது இரண்டு இடங்களில், பத்தாண்டு கடந்த வண்டி, வேண்டாம் என்றார்கள். மற்ற மூன்று இடங்களில் வரி நீங்கலாக 1,150, 1,480, 2,300 என்று மூன்று விலை. இதில் 1,150 சொன்னவர் எப்படிக் குறைத்தார் என்று பார்த்தேன். ‘நோ கிளெய்ம் போனஸ்’ 50 விழுக்காடு என்று போட்டிருந்தார். ஐந்தாண்டு தொடர்ந்து இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் சலுகை அது. அது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்றவருடைய போனஸ் சித்தப்பாவுக்கு வராது. விற்றவருக்கே கூட, காப்பீடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். இல்லாத போனஸைப் போட்டு வாங்கினால், நாளை வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள். அந்த மலிவையும் விட்டோம்.

நடுவில் இருந்த 1,480ஐ எடுத்துக்கொண்டோம். 2,094, 1,480, சொந்த விபத்துக்கு 330. வரி சேர்ந்து 4,607. வெறும் தேர்டு பார்ட்டியும் சொந்த விபத்தும் சேர்ந்த 2,860க்கும் இதற்கும் வித்தியாசம் 1,747 ரூபாய். மாதத்துக்குக் கணக்கிட்டால் 146. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் காசு! இந்த ஒன்றரை லிட்டருக்காகத்தான் ஊரெல்லாம் பின்சீட்டைக் காப்பில்லாமல் விட்டு வைத்திருக்கிறோம்.

சொந்த விபத்துக் காப்பீடு பற்றியும் ஒரு சொல். 15 லட்சம் ரூபாய் என்று பெரிதாக இருக்கும். 2018இல் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். ஆனால் அது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளருக்கு, அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே. எங்கள் ஆம்னியின் ஆர்.சி.யில் அப்போது விற்றவர் பெயரே இருந்தது. “பேரு அப்புறம் மாத்திக்கலாம், என்ன அவசரம்?” என்றார் சித்தப்பா. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் விற்றவரிடமே போய், 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொன்னதைச் சொன்னேன். வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்த மனிதர் மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கையோடு காஞ்சிபுரம் அழைத்துப் போய்ப் பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சட்டத்தைப் படித்ததால் நான் கண்ட முதல் பலன் அது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சொந்தக் காரிலும் இருசக்கர வண்டியிலும் உடன் செல்பவரையும் கட்டாயக் காப்பீட்டுக்குள் சட்டமே கொண்டுவர வேண்டும். விருப்பமிருந்தால் எடுத்துக்கொள் என்று விட்டால், விவரம் தெரிந்தவர்தான் எடுப்பர். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும் ஒரு பொருளில், யாரைக் காக்க வேண்டும் என்பதையும் அரசு நிர்ணயிப்பதில் தவறென்ன?

இதை எங்கள் பொருளியல் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்பவில்லை. “இப்போதே பாதிப் பேர் கட்டுவதில்லை என்கிறாய். கட்டணத்தை இன்னும் இருநூறு முந்நூறு ஏற்றினால், கட்டுகிறவர்களில் எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாயா? பின்சீட்டைக் காக்கப் போய், சாலையில் நடப்பவரைக் கைவிட்டுவிடுவாய்” என்றார். நான் கணக்குப் போடவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பணம் கட்டாமல் விடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர்; ஆனி, ஆடியில் பள்ளிக் கட்டணமும் விதைநெல்லும் ஒன்றாக வரும் வீட்டில் 2,471 ரூபாய் மொத்தமாக எடுப்பது எளிதன்று. அப்படியானால் மாதத் தவணையில் வாங்கட்டுமே என்றேன். ரீசார்ஜுக்கு மாதம் தவறாமல் கட்டுகிற நாடு அல்லவா இது? “அதை எழுது” என்றார். எழுதிவிட்டேன். அவருடைய மறுப்புக்கு முழு விடை அதுவாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, தாளின் மொழி. எங்களுக்கு வந்த பாலிசி முழுவதும் ஆங்கிலம், பொடி எழுத்து. விலக்குகள் எல்லாம் கடைசிப் பக்கங்களில். அதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு இரவுகளும் ஓர் அகராதியும் தேவைப்பட்டன. இங்கேதான் எனக்கு நம்மூர்க் கல்வெட்டு நினைவு வருகிறது. அதைத் தொடமாட்டேன் என்று சொன்ன வாக்கை மீறுகிறேன், பொறுத்தருள்க. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், இவ்வூர்ச் சபை தன் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தது. யார் வாரியத்தில் இருக்கலாம், யார் கூடாது, கணக்குக் காட்டாதவனை என்ன செய்வது என்பன போன்ற விதிகள். அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரிக்கரை எங்கே உடையும், யார் கழனி மூழ்கும் என்று முன்னரே யாருக்கும் தெரியாது. ஆகவே ஊர் கூடி ஒரு பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். காப்பீடும் அதே எண்ணந்தான். அந்த விதிகளை எல்லோருக்கும் சொந்தமான சுவரில் எழுதி வைத்தார்கள். யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். தகுதியில்லாதவன் தனக்குத் தகுதியில்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டான். என் ஆயா இந்தத் தாளுக்குள் இல்லை என்பதை, பணம் வாங்கும்போது ஒருவராவது சொன்னார்களா? முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் நான்கு வரி போட்டால் போதும்: ‘இந்தத் தாள் இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை.’ இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

அதுவரை, வீட்டுக்கு ஒரு பிள்ளை இந்தக் கல்லூரியில் படிக்கிறோம் அல்லவா? இந்த விடுமுறையில் வண்டியின் தாளை எடுத்துப் பாருங்கள். பெயர் யாருடையது, தேதி என்று முடிகிறது, ‘லையபிலிட்டி’ என்றிருக்கிறதா ‘பேக்கேஜ்’ என்றிருக்கிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். தெருவில் யார் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்லுங்கள். எனக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை வேலை இதுதான்.

கடைசியில் எனக்கே விடை தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் தாளிலும் ஒரு விலக்கு உண்டு: சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது, ஓட்டினால் கம்பெனி பொறுப்பேற்காது. ஓன் போர்டு வண்டி வாடகைக்கு ஓடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. சித்தப்பா அப்படி ஓட்டுபவர் அல்லர். ஆனால் சென்ற மாதம் நள்ளிரவில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. 108க்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள், நேரமாயிற்று. சித்தப்பாதான் ஆம்னியில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெண் குழந்தை. மறுநாள் அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்து, பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐந்நூறு ரூபாயைச் சித்தப்பாவின் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். அது வாடகையா, பெட்ரோல் காசா? தாளை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த இரவு வழியில் ஏதாவது ஆகியிருந்தால், இந்த ஐந்நூறை வைத்தே வழக்காடியிருப்பார்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

“அப்ப அந்தக் காச திருப்பிக் குடுத்துடறேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “அடுத்த தடவ கூப்பிட்டா என்னடா செய்யறது?” என்றும் கேட்டார்.